மாடி அறைப் படுக்கை

ஆகஸ்ட் 17, பிற்பகல் 2.10. மழைக்கு முந்தைய புழுக்கம்.

செங்கம் சாலையில் உள்ள எங்கள் வீட்டு மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். வருகிற ஒவ்வொருவருக்கும் என் மனைவி புதிதாகத் துவைத்த விரிப்பை விரிப்பாள். அவர்கள் விடிய விடியக் குறட்டை விடுவார்கள். கீழே என் கட்டிலில் நான் முதுகைச் சொறிந்துகொண்டு விழித்துக் கிடப்பேன். நாற்பத்தொரு வருடமாகக் கூடவே வாழ்கிறவனுக்கு இல்லாத உபசாரம், ஒரு நாள் தங்குகிறவனுக்கா என்று வயிறு எரியும்.

அன்று ஒருவர் மூன்று நாள் தங்க வரவிருந்தார். மாடியில் படுக்கை தயாராக இருந்தது. ஐந்தே நிமிடம் என்று படுத்தவன், அயர்ந்து தூங்கிவிட்டேன்.

விழித்தபோது அறை வாசலில் மனைவியும், பையோடு அந்த மனிதரும் நின்றிருந்தார்கள். அவர் கசங்கிய படுக்கையைப் பார்த்தார். "வேற ரூம் பாத்துக்கறேம்மா" என்று இறங்கிப் போய்விட்டார்.

"அவருக்கு விரிச்சதுல போய் படுத்துட்டீங்களே!" என்றாள் மனைவி.

"எனக்கு எப்பனா இப்படி விரிச்சியா?"

"சோப்பு ஜாஸ்தி ஆவுது, நமக்கு மாசத்துக்கு ஒரு வாட்டி மாத்தினா போதும்னு சொன்னது யாருங்க? நானா?"

நான்தான். ஒரு மாத வியர்வையும் தூசியும்தான் என்னை அரித்திருக்கின்றன.

இப்போது ஞாயிறுதோறும் விரிப்பையும் தலையணை உறையையும் நானே மாற்றித் துவைத்து வெயிலில் போடுகிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது. மாடி விரிப்பு என்னுடையதைவிட வெளுப்பாக இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன், படுப்பதில்லை.

கைவிட்டுப் போன வாடகை 2,700. எனக்கென்று வாங்கிய இரண்டு விரிப்புகள் 860. ஆக மொத்தம் 3,560 ரூபாய்.