அடமானம் மீண்ட நாள்

சாந்தாமணியும் அவள் கணவன் திருமூர்த்தியும் கோயமுத்தூரில் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தார்கள். அவள் மாமனாரின் வைத்தியச் செலவுக்காக 1932-இல் வீட்டை அடமானம் வைத்தார்கள். ஆறு வருஷத் தவணை. சீக்கிரம் மீட்டுவிட வேண்டுமென்று மாதாமாதம் தவணைக்கு மேல் இரண்டு மூன்று ரூபாய் சேர்த்தே கட்டினார்கள். அவன் சோர்ந்தால், "இந்த ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்குங்க" என்பாள். அவள் சோர்ந்தால் அதையே அவன் சொல்வான். நாள் கூலி போய்விடுமென்று அன்னூரில் நடந்த தங்கை கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை.

இரண்டு வருஷம் முன்னதாகவே கடன் தீர்ந்தது. பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சந்தோஷம் வருமென்று பார்த்தாள். வரவில்லை, அழுகையும் வரவில்லை. திருமூர்த்தி கயிற்றுக் கட்டிலில் மோட்டுவளையைப் பார்த்தபடி கிடந்தான்.

"ஏனுங்க, ஏதாச்சும் பேசுங்க."

"என்னத்தப் பேசறது அம்மணி? அதான் கட்டி முடிச்சாச்சே."

நாலு வருஷமாகத் தவணையைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதுகூட யாருக்கோ நேர்ந்தது போலத்தான் இருந்தது.

ஆலைச் சங்கு ஊதியது. இருவரும் எழுந்து வேலைக்குக் கிளம்பினார்கள்.