துணைக்கு ஓடிய அம்மா

ஐந்தாம் வகுப்பில் இருநூறு மீட்டர் ஓட்டத்தில் நான் கடைசியாக வந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏழு பேர் ஓடினால் ஒருத்தி ஏழாவதாக வந்துதானே ஆக வேண்டும்? பந்தயம் முடிந்ததும் ஐஸ் கொடுத்தார்கள். முதலில் வந்தவளுக்கும் எனக்கும் ஒரே அளவு ஐஸ்தான். ஆனால் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். நாளைக் காலையிலிருந்து நாம் ஓடப்போகிறோம் என்றாள். அந்த ‘நாம்’ எனக்கு உறைக்கவில்லை. மருந்து புகட்டும்போதுகூட அம்மாக்கள் ‘நாம மருந்து சாப்பிடலாமா’ என்றுதானே கேட்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பா வங்கியில் வேலை பார்த்தார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், செய்தித்தாளைப் படபடவென்று மடிப்பார். அம்மாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. என் கணக்கில் அது கிழவி வயது.

பாண்டி பஜாருக்குப் போய் இரண்டு ஜோடி வெள்ளைக் கான்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு. இன்னொன்று எதற்கு என்று அப்பா கேட்டார். “அவ பின்னாலே ஓடறச்சே என் கால்ல முள்ளு குத்தினா, அவளை யார் பாத்துப்பா?” என்றாள். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

காலை ஐந்தரைக்குப் போர்வையை உருவிவிடுவாள். நான் மூக்கால் அழுதுகொண்டே ஷூவை மாட்டுவேன். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணுக்கால் தெரியத் தூக்கிக் கட்டிக்கொள்வாள். நான் முன்னால், அவள் பின்னால். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், அதற்கடுத்த கம்பம் வரை நடை. இதுதான் ஏற்பாடு.

மூன்றாம் நாளே வினை வந்தது. அந்த வருடம் மழை பொய்த்து, தெருவே தண்ணீர் லாரியை நம்பிப் பிழைத்துக்கொண்டிருந்தது. லாரி எப்போது வரும், எந்த முனையில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் விடிகாலையில் ஒரு பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினால், எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமி எங்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு பின்னாலேயே ஓடிவந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அடுத்த வீட்டைப் பார்த்து அதற்கடுத்த வீடு. பத்துப் பன்னிரண்டு பேர் குடங்கள் இடிபட ஓடிவரும் சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன். பயத்தில் என் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினேன். கூத்து என்னவென்றால், திரும்பிப் பார்த்த அம்மாவும் நிஜமாகவே லாரி வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். குடம் எடுத்துவரவில்லையே என்று புலம்பிக்கொண்டே அவளும் வேகத்தைக் கூட்டினாள்.

தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தது. லாரியைக் காணோம்.

“லாரி எங்கேடி?” என்றாள் மாமி, மூச்சு வாங்க.

“நீங்கதானே மாமி குடத்தோட வந்தேள்?” என்றாள் அம்மா.

“நீ ஓடினே, நான் வந்தேன்.”

“நான் சும்மா ஓடினேன் மாமி.”

“சும்மா யாராவது ஓடுவாளோடி?” என்று கேட்டுவிட்டு மாமி காலிக் குடங்களோடு திரும்பினாள். அந்தச் ‘சும்மா’ மட்டும் அவளுக்குச் செரிக்கவே இல்லை என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலமே விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. செய்தித்தாள் நான்காக, எட்டாக மடிந்தது. “தெருவே சிரிக்கறது. இந்த வயசுல உனக்கு எதுக்கு ஓட்டமும் சாட்டமும்?” என்றார்.

“எனக்கா?” என்றாள் அம்மா. “குழந்தை கடைசில வந்திருக்கா. விடியக்காலம்பற அவளைத் தனியா அனுப்பச் சொல்றேளா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் முடிந்தவரை கடைசியில் வந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். தெருவில் வேண்டாம், கடற்கரைக்கு அழைத்துப் போ, அதுவும் குழந்தை ஓடுகிற வரைக்கும்தான் என்று தீர்ப்பானது. அனுமதி எனக்குத்தான். நான் ஓடினால் அம்மா கூட வரலாம், நான் நின்றால் அவளும் வீட்டில் நிற்க வேண்டியதுதான்.

அப்படித்தான் நொச்சிக்குப்பத்துக் கடற்கரைக்குப் போக ஆரம்பித்தோம். கரையேற்றிய படகுகளிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவது. முதலில் பாதி தூரத்துக்குள்ளேயே எனக்கு விலாவில் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் போனபின் பிடிக்கவில்லை. இரண்டாவது மாதம் புடவை போய்ச் சுடிதார் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்யாணமான பெண் சுடிதார் போட்டது அதுவே முதல் தடவை. புடவை தடுக்கிக் குழந்தை மேல் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றாள். அப்பா செய்தித்தாளை ஒரே ஒரு மடிப்போடு நிறுத்திக்கொண்டார்.

பள்ளியில் பி.டி. மிஸ் என் ஓட்டத்தில் ஆயிரம் குறை சொல்வார். நான் கையைக் கொசு விரட்டுவதுபோல மார்புக்குக் குறுக்கே வீசுவேன். குதிகாலைத் தொம் தொம்மென்று வைப்பேன். யார் பின்னால் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சாயங்காலம் வந்ததும் அம்மா காபிகூடக் கலக்காமல், இன்று மிஸ் என்ன சொன்னார் என்று விசாரிப்பாள். முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும், பார்வை எங்கே இருக்க வேண்டும், அடி நீளமாகவா குட்டையாகவா என்று ஒன்று விடாமல் கேட்பாள். பாடத்தைக்கூட இப்படிக் கேட்டதில்லை. பிறகு பீரோ கண்ணாடி முன்னால் நின்று கையை வீசிப் பார்ப்பாள். எனக்குச் சரியாகச் சொல்லித்தரத்தான் பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நானும் கடற்கரையில் அவளை விட்டுவைக்கவில்லை. தோளைத் தூக்காதே, கையைக் குறுக்கே வீசாதே என்று ஓடிக்கொண்டே அதட்டுவேன். அவள் சரி மிஸ், சரி மிஸ் என்பாள்.

படகோரம் மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தியும் எங்கள் விஷயத்தில் தலையிட ஆரம்பித்தாள். “இன்னாம்மா, தரைய பாத்துகினே ஓடற? துட்டு கெடக்குதா? தலைய தூக்கி ஓடு” என்பாள். அம்மா தலையைத் தூக்கிக்கொள்வாள்.

ஒருநாள் திரும்பி நடந்து வரும்போது, தானும் பள்ளியில் எட்டாவது வரை ஓடினதாக அம்மா சொன்னாள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அப்பறம் நான் பெரியவளாயிட்டேன். எங்காத்துல வேண்டாம்னுட்டா” என்றாள். அன்றைக்கு வீட்டில் பூரி என்று சொல்லியிருந்தாள், என் மனசு முழுக்கப் பூரியில் இருந்தது.

ஆறாம் வகுப்பு விளையாட்டு விழாவில் நான் மூன்றாவதாக வந்தேன். ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தார்கள். அப்பா அதைத் தெருவில் தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ராத்திரி சாப்பிடும்போது, வேலை முடிந்தது, நாளையிலிருந்து ஓட மாட்டேன், நன்றாகத் தூங்கப்போகிறேன் என்று அறிவித்தேன். “போதும், குழந்தை ஜெயிச்சாச்சு” என்றார் அப்பா. அம்மா அவர் தட்டில் ரசம் விட்டாள். தட்டு நிறைந்து வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

இப்போது எனக்கு அன்றைய அம்மாவைவிடப் பத்து வயது கூட. வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன், கை நேராகத்தான் வீசுகிறது, யாரிடமும் காரணம் சொல்லாமல் வாசலைத் தாண்டுகிறேன். இதற்கெல்லாம் நான் அவளுக்குத்தான் கடமைப்பட்டிருக்கிறேன். சின்ன வயதிலும் அவளிடம் எனக்கு நன்றி இருந்தது, கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று தெரியாமலே அதை வைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கிண்ணம் வாங்கிய மறுநாள், ஐந்தரைக்கு அம்மா என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். போர்வையை உருவவில்லை. “நீ ஓட வேண்டாம்டி. சும்மா வந்து ஒக்காந்துக்கோ. ஒரு பத்து நிமிஷம்” என்றாள். என்னிடம் அவள் எதையும் அப்படிக் கேட்டதே இல்லை. அடுத்த வருடம் என்னை முதலாவதாக வரவைக்கத்தான் இந்த நைச்சியம் என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து எழுந்து போனேன்.

படகில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அம்மா தனியாகக் கலங்கரை விளக்கத்தை நோக்கி ஓடினாள்.

“இன்னா பாப்பா, நீ குந்திகினு கீற, அம்மா ஓடிகினு கீது?” என்றாள் மீன்காரம்மா.

“எனக்காகத்தான் ஓடறா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் தூரத்தில் ஓடும் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஆமா, ஆமா” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிவந்து, வியர்வையில் சுடிதார் முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு இரைத்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. என்மேல் வைத்திருக்கும் பாசத்தால்தானே இந்தப் பாடு என்று எனக்குத் தோன்றியது. “நான்தான் மூணாவது வந்துட்டேனேம்மா. இனிமே நீ எனக்காக இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்” என்றேன்.

அவள் ஈரக்கையால் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “சரிடி கண்ணா. இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் ஓடினாள். ஒரு குழந்தையைப் பெற்றுவிட்ட பாவத்துக்கு ஒருத்தி எவ்வளவுதான் கஷ்டப்படுவாள் என்று, அவள் போவதைப் பார்த்துக்கொண்டே, எனக்கு அழுகை அழுகையாக வந்தது.