ஃப்ராப்பே என்றால் அடிபட்டது

இன்று மத்தியானம் வியட்நாமில், பென் தான் சந்தைப் பக்கம் ஒரு காபிக் கடையில் என்னைப் பெண் பார்த்தார்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இந்தியாவில். அதனால் பையனும் நானும் மட்டும்.

பையன் காரைக்கால்காரர். இங்கே ஹோட்டல் வேலைக்கு வந்து மூன்று வாரம்தான். பிரெஞ்சு தெரியும், வியட்நாமியம் வராது.

நான் காபி ஃப்ராப்பே சொன்னேன்.

"ஃப்ராப்பேன்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றார்.

"ஐஸ் போட்டது."

"இல்லைங்க. பிரெஞ்சுல 'அடிபட்டது'."

காபி கொண்டுவந்த பெண்ணிடம் இதை வியட்நாமியத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை.

"நாங்க ஐஸை 'டா'ன்னு சொல்வோம். உதைக்கிறதும் 'டா'தான். காதலிச்சவங்க கழற்றிவிட்டா, உதை வாங்கினேன்னு சொல்வோம்."

அவருக்குத் தமிழில் சொன்னேன். கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் போன மாசம் அதுதாங்க நடந்துச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட மறைக்க வேணாம்னு தோணுது."

இன்னும் இரண்டு காபி சொன்னேன். ஐந்து மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

சாயங்காலம் அம்மா போனில், "பையன் எப்படிடி?" என்றாள்.

"உண்மையைச் சொல்றார்ம்மா."

"அது நல்லதா, கெட்டதா?"

கல்யாணமானவர்கள் யாராவது அம்மாவுக்குப் பதில் சொல்லுங்கள்.