தமிழ் வகுப்பில் யார் டீச்சர்?

தமிழ்வழிப் பள்ளிக்குத் தமிழ் தெரியாத ஆசிரியரை அனுப்பிய அதிகாரியே, நீங்கள் செய்தது அயோக்கியத்தனம்.

கேரளத்தின் இடுக்கி மலையில், சக்குபள்ளத்தில் மழைக்கு ஒதுங்கிப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். பக்கத்தில் பெட்டிகளோடு ஜெபராஜும் ஸ்டெல்லாவும். ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிகளின் பிள்ளைகள். தமிழில் படித்து ஆசிரியரானவர்கள். இங்கே வேலை கிடைக்காததால் மாலத்தீவில், படகில் மட்டுமே போக முடிகிற ஒரு தீவில் கணக்கு சொல்லித்தருகிறார்கள். விடுமுறை முடிந்து இன்று திரும்புகிறார்கள். மகள் அத்தை வீட்டில் இருந்தபடி இங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

"நேத்து அவ ஸ்கூலுக்குப் போனோம்க்கா," என்கிறார் ஸ்டெல்லா. "டீச்சர் மலையாளத்துல பாடம் சொல்றாங்க. எம்மவளுக்குக் கொஞ்சம் மலையாளம் புரியும்ல, அவதான் பக்கத்துல நின்னு மத்த பிள்ளைகளுக்குத் தமிழ்ல சொல்றா. தெனமும் இப்படித்தானாம்."

"அவளும் டீச்சராயிட்டா. சம்பளந்தான் இல்ல," என்று ஜெபராஜ் சிரிக்கப் பார்க்கிறார்.

"சிரிக்காதீங்க. வகுத்தல தப்பாச் சொன்னா. எல்லாப் பிள்ளையும் அப்படியே எழுதுச்சு. டீச்சருக்கு அது தப்புன்னே தெரியல."

கணக்கு தெரிந்த இருவரும் கடல் தாண்டிப் போகிறார்கள். அவர்கள் குழந்தை இங்கே வகுப்பு நடத்துகிறாள்.

அதிகாரியே, அந்தப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். இவர்களை ஏன் வேலைக்கு எடுக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் தமிழில் பதில் சொல்லுங்கள்.