இருபத்திரண்டாம் நாள் குஞ்சு

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முட்டைகூடப் பொரிந்ததில்லை. பதினெட்டாம் நாளுக்குள் எல்லாவற்றையும் உடைத்துவிடுவோம். அதனால்தான் அந்தத் தப்பு இருபது வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

அடைகாக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் முட்டையக்கா. வருஷாவருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. தினமும் காலையில் முட்டைகளைத் திருப்பி, ஓட்டில் பென்சிலால் எத்தனையாவது நாள் என்று எழுதுவாள். அந்த எண்தான் எங்களுக்கு வேதவாக்கு. "நான் அடைகாக்குறேன், நீங்க கொத்துறீங்க" என்று கிண்டலடிப்பாள். கருவை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிற எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாக்டரம்மா தேடியது நைட்ரிக் ஆக்சைடை. சில நொடிகளே தங்கும் வாயு. கருவின் வாலடியில், நோயெதிர்ப்பு அணுக்கள் வளரும் சின்னப் பையில் அது முதலில் என்றைக்கு உண்டாகிறது? சாயம் போட்டால் பச்சையாக ஒளிரும். பன்னிரண்டாம் நாள் என்று கட்டுரை அச்சாகிவிட்டது. பதினோராம் நாளே ஒளிர்கிறதே என்று வேறொரு ஆய்வகம் எழுதிக் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் கட்டுரை வாபஸ். ஐந்து வருஷ உழைப்பு! டாக்டரம்மா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவே இல்லை.

வியாழக்கிழமை காலை பெட்டிக்குள் கீச்கீச்சென்று சத்தம். யாரும் கேட்காமல் மிச்சமான ஒரு முட்டையை அக்கா வழக்கம்போலத் திருப்பி, எழுதிக்கொண்டே வந்திருக்கிறாள். அது பொரிந்துவிட்டது. ஓட்டில் கடைசி எண் 22.

கோழிக்குஞ்சு இருபத்தொரு நாளில் வரும் என்று யாருக்குத் தெரியாது? அக்கா விரல்விட்டு எண்ணினாள். முட்டை வைத்த நாளையே ஒன்று என்று எழுதியிருக்கிறாள். அது பூஜ்யமாக இருந்திருக்க வேண்டும். அவள் முகம் பேயறைந்தமாதிரி ஆகிவிட்டது.

நான் கதவைச் சாத்தினேன். "ஓட்டக் குப்பையில போடுக்கா. மாசக் கடைசில ஒப்பந்தம் முடியுது. யாருக்கும் தெரியப்போறதில்ல." இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"அந்தப் பொண்ணு சோறு தண்ணியில்லாம கிடக்குது. போடி அங்கிட்டு," என்றவள், குஞ்சையும் ஓட்டையும் கண்ணாடிக் குடுவையில் வைத்து டாக்டரம்மாவிடம் எடுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, நான் எழுதுனதெல்லாம் ஒரு நாள் கூடுதல். உங்க பன்னெண்டு, நெசத்துல பதினொண்ணு."

டாக்டரம்மா ஓட்டைப் பார்த்தார், குஞ்சைப் பார்த்தார். "அப்போ நான் பாத்தது சரிதான்," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

ஒரே ஒரு எண்ணைத் திருத்தியதில் கட்டுரை பிழைத்தது. அக்காவின் ஒப்பந்தம் பிழைக்கவில்லை. ஆய்வகத் தலைவரின் இருபது வருஷக் கட்டுரைகளிலும் அதே பென்சில் எண்கள்தானே, மனிதர் சும்மா விடுவாரா? டாக்டரம்மா எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார்.

குஞ்சை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனாள். போன மாதம் பார்க்கப் போனேன். அது முட்டையிடத் தொடங்கியிருந்தது. ஒன்றை என் கையில் வைத்தாள்.

"நல்லாத் திருப்பிப் பாருடி, ஒண்ணும் எழுதல," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.