திரும்ப வாங்கிய கிண்ணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றுதான் அம்மா சாரத்தில் நான் இருந்த வீட்டுக்கு வந்தாள். அப்பா போன பிறகு உப்பளத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள் நான் ஒருத்திதான். பேங்கில் வேலை வாங்கி, மாடியில் ஒரு வீடும் வாடகைக்குப் பிடித்திருந்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அம்மா இனிமேல் தெருக்குழாயில் குடம் பிடிக்கக் கூடாது, என்னோடு இருக்க வேண்டும். அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

வீடு பார்க்கப் போன அன்று, கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அக்கா, "கறி மீனு எல்லாம் செய்யலாம்மா, நாங்களும் சாப்புடறவங்கதான். அந்தக் கறி மட்டும் வேணாம்" என்றாள். எந்தக் கறி என்று நான் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். அம்மாவிடமும் இதைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்தபோது அம்மாவின் கையில் கறுப்பு கேரிபேக் இருந்தது. "நல்லா கொழுப்போட கேட்டு வாங்கினேன்டி. இங்க வந்து மொத மொத செய்யறேன், நல்லா இருக்கணும் இல்ல?" என்றாள். நான் போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்தினேன்.

குக்கரே வேண்டாம் என்று குண்டானை ஏற்றினாள். எண்ணெயில் பட்டையும் கிராம்பும் சோம்பும் பொரிந்தன. வெங்காயம் நன்றாகச் சிவந்ததும் இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், பிறகு கறி. மாட்டுக்கறிக்கு அவள் முதலில் தண்ணீர் ஊற்றவே மாட்டாள். மூடி போட்டு, கறி விட்ட தண்ணீரிலேயே வெந்து அது சுண்டிய பிறகுதான் சுடுதண்ணீர். உருளைக்கிழங்கு கடைசியில். நான் பக்கத்தில் நின்று சப்பாத்தி தேய்த்தேன்.

"இன்னாடி இது, மூணு மூலையா கீது? பேங்குல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்மா."

"புழுங்குது. ஜன்னலத் தொறயேன்."

"கொசு வரும்."

"பட்டப்பகல்லயா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டானிலிருந்து வந்த வாசனையில் பசி எடுத்தது. அதே வாசனை கதவிடுக்கு வழியாகப் படியில் இறங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

குழம்பு கொதித்து எண்ணெய் மிதந்ததும் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது அம்மாவைக் காணோம். செருப்பு இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உப்பளத்தில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை வீட்டில் யாரும் வாயில் வைப்பதற்கு முன் ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும். புதிதாக ஒரு இடத்துக்குக் குடிபோனால் கட்டாயம் கொடுப்பார்கள். ஈரத் தலையோடு படியில் ஓடினேன்.

வீட்டுக்கார அக்கா வாசலில் நின்றிருந்தாள். கிண்ணம் அவள் கைக்குப் போயிருந்தது. மேலே ரெண்டு சப்பாத்தி மடித்து வைத்திருந்தது.

"வாசனையே தூக்குது. மட்டனாம்மா?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "அக்கா, காரம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. உங்களால சாப்புட முடியாது" என்று கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். வாங்கினேன் என்று எழுதுகிறேன். பிடுங்கினேன் என்பதுதான் சரி. குழம்பு ததும்பி அவள் கட்டை விரலில் பட்டது. அவள் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மேலே வந்ததும் அம்மா கேட்டாள். "குடுத்தத வாங்கினு வந்துட்டியேடி. நம்ம தெருவுல சண்டைக்காரிகூட அப்படிச் செய்ய மாட்டாளே."

சாவி வாங்கிய அன்று நடந்ததைச் சொன்னேன்.

"இதானா? மாட்டுக்கறிம்மா, சாப்புடுவீங்களான்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். வேணும்னா வாங்கிக்குவா, வேணாம்னா சிரிச்சினே திருப்பிக் குடுப்பா. தெரியாம ஒருத்தி வாயில வைப்பேனா நானு? நான் ஏதோ விஷத்த எடுத்துனு போன மாதிரி ஓடியாந்தியே."

அதற்குமேல் மேலே நிற்க முடியவில்லை. திரும்பக் கீழே போய்க் கதவைத் தட்டினேன். காலி செய்யச் சொன்னால் செய்துவிடுகிறேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"அக்கா, அது மாட்டுக்கறி. எங்க வீட்ல எப்பவும் சாப்புடுவோம்."

வீட்டுக்கார அக்கா எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நீ பிடுங்கினு ஓடும்போதே தெரிஞ்சிடுச்சு. நீ படிச்ச பொண்ணு, வீட்டச் சுத்தமா வெச்சிருக்க. ஜன்னல சாத்திட்டு எப்பனா செஞ்சிக்கோ. அம்மாவ மட்டும் கறிய எடுத்துனு கீழ வரவேணாம்னு சொல்லு" என்றாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதிதான் வந்தது. "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று என் வாய் தானாகச் சொன்னது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கவும் செய்தேன்.

"இன்னா சொன்னா?" என்றாள் அம்மா.

"செஞ்சிக்கலாமாம்."

"ஜன்னல சாத்தினா?"

அம்மா சப்பாத்தியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டாள். எலும்பைத் தட்டி மஜ்ஜையை எடுத்து என் தட்டில் வைத்தாள். கோபமாக இருந்தால் வைத்திருக்க மாட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து, "சாயந்திரம் வெயில் தாழ என்னை உப்பளத்துல வுட்டுட்டு வந்துடு" என்றாள். "நீ இங்கயே இரு. உனக்கு இது சரியாத்தான் கீது."

திட்டியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவள் அதை அக்கறையாகவே சொன்னாள்.