‘சீரியஸ்னு மட்டும் சொல்லு’

சாயங்காலம் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். லேடி கான்ஸ்டபிள்னு என்னை அனுப்பினாங்க. விபத்துல அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்.

"சீரியஸ்னு மட்டும் சொல்லு"ன்னார் ஏட்டு. அப்படியே சொன்னேன்.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல ஜீப் மாட்டிக்கிச்சு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் எடுக்க முடியல.

"பேசறாரா மேடம்?"னு அக்கா கேட்டாங்க.

போன வாரம்தான் எங்களுக்குப் பயிற்சி. சாவுச் செய்தியை மறைக்காம, பக்கத்துல உட்கார்ந்து தெளிவா சொல்லணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"இல்லக்கா. இறந்துட்டார்."

நடந்து போறவங்களையே பார்த்தாங்க. அப்புறம், "பாப்பா டியூஷன்ல இருக்கா. அவகிட்ட எப்படிச் சொல்றது?"ன்னாங்க.

ஜீப் இன்னும் நகரல.

இதைக் குழந்தைகிட்ட சொல்றதுக்கும் யாராவது பயிற்சி தர்றாங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.